சுற்று முடிந்தால்தான் பல்பு எரியும்

மேசை மேல் ஒரு 1.5 வோல்ட் செல், ஒரு டார்ச் பல்பு, ஒரு சாண் நீளத்துக்கு ஒரே ஒரு ஒயர். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு பல்பை எரிய வைக்க வேண்டும். ஹோல்டர் கிடையாது, இரண்டாவது ஒயர் கிடையாது.

பழுது பார்ப்பது என் தொழில். என்னிடம் மின்சாரம் கற்றுக்கொள்ள வருகிற யாருக்கும் முதல் பாடம் இதுதான். பதினொரு வயதான என் அக்கா மகளுக்கும் இதையே கொடுத்தேன். அவள் ஒயரின் ஒரு முனையைச் செல்லின் பிளஸ் குமிழில் வைத்தாள், மறுமுனையைப் பல்பின் அடியில் தொட்டாள். எரியவில்லை. "செல் தீர்ந்து போச்சா சித்தி?" என்று கேட்டாள். புதுச் செல்தான். அப்புறம் ஒயரை மைனஸுக்கு மாற்றினாள். பல்பைத் தலைகீழாகப் பிடித்தாள். பத்து நிமிடம் ஆயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது என்பது என் எண்ணம். நீங்களும் இதற்கு மேல் படிக்கும் முன் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

விடை பல்புக்குள் இருக்கிறது. பல்பை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள். உள்ளே மெல்லிய சுருள் கம்பி ஒன்று தெரியும். அதுதான் இழை. அதன் ஒரு முனை பல்பின் அடியில் உள்ள ஈயப் பொட்டில் முடிகிறது. மறுமுனை பக்கவாட்டில் உள்ள உலோக மரையில் முடிகிறது. பொட்டுக்கும் மரைக்கும் நடுவில் மின்சாரம் கடக்க முடியாத ஒரு கறுப்பு வளையம். ஆக, பல்புக்கு இரண்டு வாசல். ஒன்றின் வழியாக உள்ளே போகிற மின்சாரம் இன்னொன்றின் வழியாக வெளியே வந்து, செல்லின் மறுமுனைக்குத் திரும்பியாக வேண்டும். அக்கா மகள் போகிற வழியை மட்டும் போட்டாள், திரும்பும் வழியைப் போடவில்லை.

சரி, இப்போது பல்பின் அடிப்பொட்டைச் செல்லின் பிளஸ் குமிழ் மேல் நிற்க வையுங்கள். ஒயரின் ஒரு முனையை மரையைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைச் செல்லின் அடியில், மைனஸ் பக்கம் அழுத்துங்கள். எரியும். பல்பில் 2.5 வோல்ட் என்று பொறித்திருந்தால் ஒரு செல்லுக்கு மங்கலான மஞ்சளாகத்தான் எரியும், பரவாயில்லை. செல்லைத் திருப்பி வைத்தாலும் எரியும். இழைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

தமிழில் இதற்கு மின்சுற்று என்று பெயர் வைத்தவர்களுக்கு நான் நன்றி சொல்வேன். சொல்லிலேயே பாடம் இருக்கிறது: சுற்றி வர வேண்டும். எந்த இணைப்பைச் செய்தாலும், எந்த வரைபடத்தைப் பார்த்தாலும், பிளஸ்ஸில் விரலை வையுங்கள். ஒயர் வழியாக, பல்பு வழியாக, சுவிட்ச் வழியாக விரலை எடுக்காமல் நகர்த்தி மைனஸுக்கு வந்து சேர முடிகிறதா என்று பாருங்கள். விரல் நின்ற இடத்தில் மின்சாரமும் நிற்கும். இன்றும் ஒரு சர்க்யூட் பலகையைக் கையில் எடுத்தால் நான் முதலில் செய்வது இதைத்தான்.

அடுத்து போவதற்கு முன் பாதுகாப்பு. இங்கே சொல்வதெல்லாம் 1.5 வோல்ட் செல்லுக்கும் 9 வோல்ட் பேட்டரிக்கும் மட்டும். சுவரில் உள்ள பிளக் பாயின்டில் எந்த ஒயரையும் செருகாதீர்கள். மின்னோட்டத்தை ஆம்பியரில் அளப்பார்கள், அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லி ஆம்பியர். உடம்பு வழியாக 10 மில்லி ஆம்பியர் அளவு போனாலே தசை இறுகிப் பிடியை விட முடியாமல் போகலாம். இதயத்தின் வழியாக 100 மில்லி ஆம்பியர் போனால் உயிருக்கே ஆபத்து. டார்ச் பல்பு ஒன்று எடுத்துக்கொள்வதே 300 மில்லி ஆம்பியர் என்பதை நினைத்துப் பாருங்கள். 9 வோல்ட்டால் உலர்ந்த தோலைத் தாண்டி அந்த அளவைத் தள்ள முடியாது, சுவர் மின்சாரத்தால் முடியும். செல்போனிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரியும் வேண்டாம். அதன் இரு முனையும் நேராகத் தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்கலாம்.

இனி மூன்று சொற்கள்: வோல்ட், ஆம்பியர், ஓம். இவற்றைத் தண்ணீர்த் தொட்டியை வைத்து விளக்குவதுதான் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வெளியே கொட்டிவிடுகிறது, திரும்பி வருவதில்லை. சைக்கிள் செயின் இதைவிடப் பொருத்தம். மிதிக்கும் கால்தான் செல். செயின்தான் ஒயருக்குள் ஏற்கனவே நிறைந்து கிடக்கும் எலக்ட்ரான்கள் என்கிற நுண்துகள்கள். பின்சக்கரம்தான் பல்பு. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பது வோல்ட். ஒரு நொடிக்கு எத்தனை கண்ணி கடந்து போகிறது என்பது ஆம்பியர். சக்கரம் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பது ஓம். செயின் தேய்ந்து தீர்ந்துபோவதில்லை, போன கண்ணி திரும்பி வருகிறது. பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுவதில்லை. பல்புக்கு முன்னால் அளந்தாலும் பின்னால் அளந்தாலும் அதே ஆம்பியர்தான் இருக்கும். செலவாவது செல்லுக்குள் இருக்கிற வேதி ஆற்றல், அதாவது காலின் தெம்பு.

இதே செயின் இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கும். குறுக்குவெட்டுப் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் உள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது, எலக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 4 மணி நேரம். அப்படியானால் சுவிட்சைத் தட்டிய உடனே பல்பு எப்படி எரிகிறது? மிதித்த கண்ணி சக்கரத்துக்குப் போய்ச் சேரும்வரை சைக்கிள் காத்திருக்கிறதா என்ன? மிதித்ததும் செயின் முழுக்க நகர்கிறது, சக்கரமும் கூடவே சுற்றுகிறது. அதுபோலத்தான் இதுவும்.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. மின்னோட்டம் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் போவதாகத்தான் எல்லா வரைபடமும் காட்டும். எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டுபிடித்தது 1897இல்தான். அதற்குள் வழக்கம் ஊறிவிட்டது, எலக்ட்ரான்களோ எதிர்த் திசையில் நகர்கின்றன. கணக்குக்கு இரண்டும் ஒரே விடை தருவதால் வரைபடத்தையே பின்பற்றுங்கள்.

மூன்றையும் கட்டிப்போடும் விதியை கியோர்க் ஓம் 1827இல் வெளியிட்டார்: வோல்ட் = ஆம்பியர் × ஓம். இரண்டு தெரிந்தால் மூன்றாவது கிடைத்துவிடும். பல்பில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், 2.5ஐ 0.3ஆல் வகுக்க 8.3 ஓம். இந்தக் கணக்கை அக்கா மகள் போட்டு முடித்ததும் வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் மல்டிமீட்டரைக் கொடுத்துப் பல்பை அளக்கச் சொன்னேன். மீட்டர் 1 ஓம் சொச்சம் காட்டியது. "ஓம் சொன்னது தப்பா?" என்று கேட்டாள். தப்பில்லை. மீட்டர் அளந்தது குளிர்ந்த இழையை. எரியும்போது இழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகிறது. உலோகம் சூடாகச் சூடாக அதன் தடை, அதாவது ஓம், கூடும். கணக்கில் வந்த 8.3 எரிகிற இழையின் தடை. பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போட்ட நொடியிலேயே பியூஸ் போவதற்கும் இதுதான் காரணம். குளிர்ந்த இழை அந்த முதல் கணத்தில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது.

இனிச் செய்து பார்க்க வேண்டியவை. இரண்டு செல் போடும் ஹோல்டர், இரண்டு பல்பும் அவற்றுக்கான ஹோல்டர்களும், முனையில் கிளிப் வைத்த ஒயர்கள் ஆறு, ஒரு சுவிட்ச் வேண்டும். செல்லுக்கும் ஒரு பல்புக்கும் நடுவில் சுவிட்சை வைத்துச் சுற்றை முடியுங்கள். பிறகு சுவிட்சைப் பல்புக்கு அந்தப் பக்கம், மைனஸ் வழியில் மாற்றிப் பாருங்கள். வேலை செய்வதில் மாற்றம் இருக்காது. சங்கிலியை எங்கே அறுத்தாலும் சங்கிலி அறுந்ததுதான்.

அடுத்து இரண்டு பல்புகளையும் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே வழியில் மாட்டுங்கள். இது தொடர் இணைப்பு. இரண்டும் மங்கலாக எரியும். செல்கள் தரும் 3 வோல்ட்டை இரண்டும் ஆளுக்கு 1.5 ஆகப் பிரித்துக்கொள்கின்றன. ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணைந்துவிடும். விரல் வைத்துப் பார்த்தால் ஏன் என்று கேட்கவே தோன்றாது. பிறகு ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியாகப் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் என்று மாட்டுங்கள். இது பக்க இணைப்பு. இரண்டும் முழு வெளிச்சத்தில் எரியும், ஒன்றைக் கழற்றினால் மற்றது தொடர்ந்து எரியும். ஆனால் இப்போது செல் ஒரு பல்புக்கான 0.3க்குப் பதில் 0.6 ஆம்பியர் தர வேண்டும், அதனால் சீக்கிரம் தீரும். ஓர் அறை விளக்கை அணைத்தால் இன்னோர் அறை விளக்கு அணையாமல் இருக்கிறதே, வீட்டு ஒயரிங் முழுக்கப் பக்க இணைப்பாக இருப்பதால்தான்.

பல்புகளை மறுபடி தொடர் இணைப்பில் மாட்டுங்கள், அதில் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பல்பும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும்போது, ஒரு பல்பின் இரண்டு முனைகளையும் ஓர் ஒயரால் இணையுங்கள். அந்தப் பல்பு அணைந்துபோகும், மற்றது பளிச்சென்று ஆகும். இழையின் தடையோடு ஒப்பிட்டால் ஒயரின் தடை ஒன்றுமே இல்லை, அதனால் ஏறக்குறைய எல்லா மின்னோட்டமும் அந்தக் குறுக்கு வழியில் போய்விடுகிறது. ஷார்ட் என்று எல்லோரும் சொல்வது இந்தக் குறுக்கு வழியைத்தான். இங்கே இன்னொரு பல்பு வழியில் நின்று தடுப்பதால் தீங்கில்லை. அதுவும் இல்லாமல் பிளஸ்ஸையும் மைனஸையும் நேராக இணைத்தால், தடுக்க ஆளில்லாமல் சில ஆம்பியர்கள் பாய்ந்து, ஒயரும் செல்லும் கொதிக்கத் தொடங்கும். எனக்கு இது நேர்ந்திருக்கிறது. ஒருமுறை 9 வோல்ட் பேட்டரியைக் கைப்பையில் சாவிக்கொத்தோடு போட்டுவிட்டேன். இரண்டு முனையும் அருகருகே இருக்கும் பேட்டரி அது. சாவி ஒன்று குறுக்கே படிந்துவிட்டது. பை சுடுவது தெரிந்து கையை விட்டபோது பேட்டரியைப் பிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து 9 வோல்ட் பேட்டரியின் தலையில் இன்சுலேஷன் டேப் ஒட்டாமல் நான் எங்கும் எடுத்துப் போவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பல்பு பழகிவிட்டால் எல்.இ.டி.க்குப் போகலாம். எல்.இ.டி. ஒருவழிப் பாதை. நீளமான கால் பிளஸ் பக்கம், குட்டைக் கால் மைனஸ் பக்கம். காலை வெட்டிவிட்டிருந்தால் விளிம்பைத் தடவிப் பாருங்கள், தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ். இன்னொரு குணமும் உண்டு. சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட் கிடைக்கும்வரை எரியாது. கிடைத்துவிட்டால் அதன் பிறகு கொஞ்சம் வோல்ட் கூடினாலும் மின்னோட்டம் தாறுமாறாக ஏறும். தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரியாது. 9 வோல்ட்டில் நேராக மாட்டினால் ஒரு மின்னல், கொஞ்சம் கருகிய வாடை, அவ்வளவுதான். அதனால் கூடவே, மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர், அதாவது அளவான தடை தரும் சிறு பாகம், வேண்டும்.

எவ்வளவு ஓம்? பேட்டரி 9. எல்.இ.டி. எடுத்துக்கொள்வது 2. மீதி 7 வோல்ட் ரெசிஸ்டரின் தலையில் விழும். இந்த எல்.இ.டி.க்கு 15 மில்லி ஆம்பியர் போதும், அதாவது 0.015 ஆம்பியர். 7ஐ 0.015ஆல் வகுத்தால் 467. அந்த அளவில் ரெசிஸ்டர் கிடைக்காது, பக்கத்தில் உள்ள 470 கிடைக்கும். மஞ்சள், ஊதா, பழுப்பு, பொன் என்று நான்கு கோடு போட்டிருக்கும். மஞ்சள் என்றால் 4, ஊதா என்றால் 7, பழுப்பு என்றால் பின்னால் ஒரு சைபர். பொன் கோடு, மதிப்பு 5 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்கிறது.

ரெசிஸ்டர் சூட்டைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் நொடிக்கு எவ்வளவு ஆற்றல் சூடாகிறது என்பது வாட் கணக்கில் கிடைக்கும்: 7 வோல்ட்டை 0.015 ஆம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய 0.1 வாட். சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர் போதும். இதே இடத்தில் 100 ஓம் வைத்தால் 70 மில்லி ஆம்பியர் ஓடும், அரை வாட் சூடு வரும். எல்.இ.டி. போகும், ரெசிஸ்டரும் விரலைச் சுடும்.

மாட்டி எரிந்ததும் மீட்டரை எடுங்கள். வோல்ட் அளக்கும்போது சுற்றைப் பிரிக்க வேண்டாம், எந்தப் பொருளை அளக்கிறோமோ அதன் இரு முனைகளையும் தொட்டால் போதும். என் மேசையில் பேட்டரி 9.3 காட்டியது. ரெசிஸ்டர் 7.3, எல்.இ.டி. 2.0. இரண்டையும் கூட்டினால் 9.3. பேட்டரி கொடுத்தது முழுக்க வழியிலேயே செலவாகிவிட்டது, மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. 1845இல் இயற்பியலாளர் கிர்க்காஃப் சொன்ன விதி இது. புத்தகத்தில் சமன்பாடாகப் படித்தபோது எனக்கு ஒட்டவே இல்லை. மீட்டரில் அந்த மூன்று எண்களைப் பார்த்த பிறகு மறந்ததே இல்லை.

ஆம்பியர் அளப்பது வேறு மாதிரி. மின்னோட்டம் மீட்டருக்குள் புகுந்து போக வேண்டும் என்பதால் சுற்றை ஓரிடத்தில் பிரித்து, அந்த இடைவெளியில் மீட்டரை வைக்க வேண்டும். சிறிய மீட்டர்களின் மில்லி ஆம்பியர் பக்கம் பெரும்பாலும் 200 மில்லி ஆம்பியர்வரைதான் தாங்கும். 300 இழுக்கும் டார்ச் பல்பை அதில் அளந்தால் உள்ளே இருக்கும் பியூஸ் போய்விடும். அதற்குச் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். அளந்து முடித்ததும் மறக்காமல் பழைய துளைக்குத் திருப்புங்கள். மறந்துவிட்டு, அடுத்து வோல்ட் பார்ப்பதாக நினைத்துப் பேட்டரியைத் தொட்டால், மீட்டரே குறுக்கு வழியாகிவிடும். ஓம் அளக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

செல் நல்லதா என்று பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. சும்மா அளந்தால் பழைய செல்கூட 1.3, 1.4 என்று காட்டி ஏமாற்றும். பல்பை எரியவிட்டபடியே அளந்து பாருங்கள். அப்போது 1க்குக் கீழே சரிந்தால் அந்தச் செல்லை ஒதுக்கிவிடலாம்.

இதெல்லாம் எதற்கு என்றால், எரியாத ஒரு சாமானைக் கையில் எடுத்து எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான். அக்கா மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், என்னிடம் கிடந்த இரண்டு செல் பழைய டார்ச் ஒன்றைக் கொடுத்தேன். செல் புதிது, பல்பும் நல்லது, ஆனால் எரியவில்லை. முதலில் விரல். முன்செல்லின் பிளஸ், பல்பின் பொட்டு, இழை, மரை, அதைப் பிடித்திருக்கும் உலோக வளையம், பித்தளைப் பட்டை, சுவிட்ச், இன்னொரு பட்டை, பின்மூடியின் ஸ்பிரிங், பின்செல்லின் மைனஸ். வழி பிடிபட்டது. பாகங்களை உடலிலிருந்து கழற்றி, அதே வரிசையில் மேசை மேல் கிளிப் ஒயர்களால் இணைத்து, சுவிட்சை ஆனில் வைத்தோம்.

மீட்டரின் கறுப்பு முனையைப் பின்செல்லின் மைனஸில் நிறுத்திவிட்டு, சிவப்பு முனையை வழி நெடுக நகர்த்தச் சொன்னேன். செல்லின் பிளஸ்ஸில் 3.1. பல்பின் பொட்டில் 3.1. மரையிலும் 3.1. அங்கே நின்றுவிட்டாள். "பல்பைத் தாண்டியும் குறையலையே சித்தி, அது வோல்ட்டை எடுத்துக்கணும் இல்ல?" என்றாள். நல்ல கேள்வி. ஓம் விதியையே போட்டுப் பார் என்றேன். சுற்று எங்கோ அறுந்திருக்கிறது, ஆம்பியர் சைபர். சைபரை எத்தனை ஓமால் பெருக்கினாலும் சைபர். எதுவும் ஓடாதபோது பல்பு எதையும் எடுத்துக்கொள்ளாது, வந்த வோல்ட் அப்படியே மறுபக்கமும் தெரியும். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சிவப்பு முனையைப் பித்தளைப் பட்டைக்கு நகர்த்தினாள், 3.1. சுவிட்சின் இந்தப் பக்கம் 3.1. அந்தப் பக்கம் 0.

சுவிட்சைப் பிரித்தோம். நகரும் தகடு பட்டையைத் தொடும் இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. கண்ணுக்குத் தொடுவதாகத்தான் தெரிந்தது, உலோகம் உலோகத்தைத் தொடவில்லை. நைசான உப்புத்தாளை நகம் அளவு கிழித்து, பித்தளை மஞ்சளாக மின்னும்வரை அவளே தேய்த்தாள். துணியால் துடைத்து, தகட்டை நுனிவிரலால் துளி வளைத்து அழுத்தம் கொடுத்து மூடினோம். மீட்டரின் இரு முனைகளையும் சுவிட்சின் இரு பக்கமும் வைத்து ஆன் செய்தபோது 0.02 காட்டியது, பல்பும் எரிந்தது. அவள் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு சுவிட்சை இன்னும் நான்கு முறை தள்ளிப் பார்த்தாள்.